மயக்க ஊசிக்கு முன்: நுரையீரல் அழுத்தம் பற்றி டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

எக்கோ ரிப்போர்ட்டின் கடைசி வரிகளில் ‘மைல்டு பி.ஏ.ஹெச்.’ என்றோ ‘மாடரேட் பி.ஏ.ஹெச்.’ என்றோ எழுதியிருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அதை யாரும் கேட்பதில்லை. வால்வு எப்படி இருக்கிறது, பம்ப்பிங் எத்தனை சதவீதம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் பின்னொரு நாள் எண்டோஸ்கோப்பிக்கோ, எம்.ஆர்.ஐ.க்கோ, பித்தப்பைக் கல் அறுவைக்கோ போகும்போது, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த வரியைத்தான்.

அந்த எழுத்துகளுக்கு என்ன பொருள்? நுரையீரல் தமனியில் (இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குக் கறுத்த ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்) அழுத்தம் கூடியிருக்கிறது என்று பொருள்.

‘எனக்குத்தான் பி.பி. சரியாக இருக்கிறதே?’ என்று கேட்பீர்கள். கையில் பட்டை கட்டிப் பார்ப்பது இதயத்தின் இடப்பக்கம் உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளும் அழுத்தம். அது 120/80 அளவில் இருக்கும். வலப்பக்கம் நுரையீரலுக்கு மட்டும் தள்ளும் அழுத்தம் தனி. அது ஏறத்தாழ 25/10. சராசரியாகப் பார்த்தால் 14 மில்லிமீட்டர் பாதரசம் அளவுதான். இந்தச் சராசரி 20ஐத் தாண்டினால் நுரையீரல் அழுத்தம் அதிகம் என்று இன்று கணக்கில் எடுக்கிறார்கள். 2018 வரை இந்த எல்லை 25 ஆக இருந்தது. கையில் பட்டை கட்டி இதைத் தெரிந்துகொள்ள முடியாது. எக்கோவில் உத்தேசமாகத் தெரியும். துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தித்தான் அளக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் ஓடுவது ஒரே அளவு ரத்தம்தான். ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர். அவ்வளவு ரத்தத்தையும் இத்தனை குறைந்த அழுத்தத்தில் வாங்கிக்கொள்ளும்படி நுரையீரலின் குழாய்கள் மெல்லியவையாகவும் எளிதில் விரிபவையாகவும் இருக்கின்றன. அதற்கேற்ப இதயத்தின் வலப்பக்கச் சுவரும் மெல்லியதுதான். அதிக ரத்தம் வந்தால் அது சமாளித்துக்கொள்ளும். எதிரே தடை திடீரென்று உயர்ந்தால் திணறிப்போகும். இனி வரப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

சரி, நுரையீரல் தமனிகள் ஏன் சுருங்குகின்றன? அதில் கெடுதல் மட்டும்தான் உண்டா?

இல்லை. நல்ல உடம்பில் அது ஒரு பாதுகாப்பு. நுரையீரலின் ஒரு பகுதியில் சளி அடைத்துக் காற்று போகவில்லை என்றால், அந்தப் பகுதிக்குப் போகும் சிறு தமனிகள் சில நொடிகளிலேயே சுருங்கத் தொடங்கும். காய்ந்த வயலுக்குத் தண்ணீர் போக வேண்டும் என்பதற்காக வேறொரு மடையை அடைத்துத் திருப்பிவிடுவதைப் போல, காற்று இல்லாத இடத்தின் வழியை அடைத்து, காற்று உள்ள இடத்துக்கு ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது நுரையீரல். உடம்பின் மற்ற உறுப்புகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஆக்ஸிஜன் குறைந்தால் அங்கே குழாய்கள் விரியும். சுருங்குவது நுரையீரலுக்கே உரிய குணம். சுவீடனைச் சேர்ந்த உல்ஃப் வான் ஆய்லரும் யோரன் லில்யெஸ்ட்ராண்டும் 1946இல் பூனைகளிடம் இதை அளந்து தெளிவாகக் காட்டினார்கள்.

ஒரு மூலையில் மட்டும் சுருங்கினால் நன்மை. நுரையீரல் முழுவதிலும் ஆக்ஸிஜன் குறைந்தால் எல்லா வழிகளும் ஒரே நேரத்தில் சுருங்கும். அப்போது வலப்பக்க இதயத்துக்கு ரத்தத்தைத் தள்ள இடமே இருக்காது. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகருக்குப் போய் இறங்குபவர்களுக்கு நுரையீரல் அழுத்தம் ஏறுவது இதனால்தான். மயக்கத்தில் ஒருவருக்கு மூச்சு மந்தமானால், தரைமட்டத்தில் கட்டிலில் படுத்திருக்கும்போதே அதே நிலை வந்துவிடும்.

ஆக்ஸிஜன் குறைவு மட்டும் காரணம் அல்ல. மூச்சு மந்தமாகிக் கரியமில வாயு உடம்பில் தேங்கினாலும், ரத்தம் அமிலத்தன்மை அடைந்தாலும், உடம்பு குளிர்ந்துபோனாலும், வலியும் பயமும் கூடினாலும் இந்தத் தமனிகள் சுருங்கும்.

இப்போது மருந்துக்கு வருவோம். செடேஷன் (முழு மயக்கம் இல்லாமல், அமைதியாகத் தூங்கும் அளவுக்கு மருந்து கொடுப்பது) தரப் பல மருந்துகள் உண்டு. இங்கே டெக்ஸ்மெடெடோமிடினை எடுத்துக்கொள்கிறேன். டாக்டர்கள் ‘டெக்ஸ்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். அமெரிக்காவில் 1999இல் ஐ.சி.யூ. நோயாளிகளுக்காக இதற்கு அனுமதி கிடைத்தது. 2008இல் வென்டிலேட்டர் இல்லாதவர்களுக்கும் சிறு சிகிச்சைகளின்போது தரலாம் என்று ஆனது. நம் ஊர் மருத்துவமனைகளிலும் இன்று அன்றாடம் புழங்கும் மருந்து இது.

இதை ஏன் விரும்புகிறார்கள்? மூளைத் தண்டில் விழிப்பைக் காக்கும் ஒரு சிறு நரம்புத் திரள் இருக்கிறது. டெக்ஸ் அதன் வேகத்தைக் குறைக்கிறது. வருவது கிட்டத்தட்ட இயற்கையான தூக்கம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் நோயாளி கண் திறப்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார், விட்டால் மறுபடி தூங்கிவிடுவார். முக்கியமாக, மற்ற பல மருந்துகளைப் போல மூச்சை அவ்வளவாக அடக்காது. நுரையீரல் அழுத்தம் உள்ளவருக்கு இது பெரிய நன்மை.

அப்படியானால் இதில் கவலைப்பட என்ன இருக்கிறது? இந்த மருந்து மூளையோடு நிற்பதில்லை. ஆல்ஃபா-2 ஏற்பி (செல்லின் மேல் இருந்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய் வேலை செய்யும். அந்த ஏற்பி ரத்தக் குழாயின் தசையிலும் இருக்கிறது. அங்கே மருந்து பட்டால் குழாய் சுருங்கும்.

அதே ஏற்பி குழாயின் உள்தோலிலும் (குழாயின் உட்புறத்தை மூடியிருக்கும் ஒற்றை அடுக்கு செல்கள்) இருக்கிறது. அங்கே மருந்து பட்டால் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு சுரந்து, பக்கத்துத் தசையைத் தளர்த்தும். நரம்பு நுனிகளிலும் அதே ஏற்பி உண்டு. அங்கே அது, குழாயைச் சுருக்கும் நார்அட்ரினலின் வெளிவருவதைக் குறைக்கும். ஆக ஒரே மருந்து, ஒரே குழாயில், சுருக்கவும் செய்கிறது, தளர்த்தவும் செய்கிறது. எது மேலோங்கும் என்பது ரத்தத்தில் மருந்து எவ்வளவு, உள்தோல் எவ்வளவு நலமாக இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது.

மனிதத் தமனியில் மருந்து என்ன செய்கிறது என்பதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. செய்திகளில் ‘இந்த மருந்து நுரையீரல் தமனியைச் சுருக்குகிறது’ என்று படித்தால் எந்த அளவுக்கு நம்பலாம் என்பது அப்போதுதான் பிடிபடும்.

நுரையீரல் புற்றுநோய்க்காக ஒரு மடலை அறுத்து எடுக்கும்போது, நோயாளியின் சம்மதத்தோடு, கட்டி இல்லாத பகுதியிலிருந்து தமனியின் சிறு துண்டை எடுத்துக்கொள்வார்கள். ஒட்டியிருக்கும் கொழுப்பையும் நாரையும் உருப்பெருக்கியின் கீழ் வைத்து நீக்கி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீள வளையங்களாக நறுக்குவார்கள். வளையத்துக்குள் இரண்டு மெல்லிய எஃகுக் கொக்கிகளை மாட்டுவார்கள். ஒன்று அசையாது. மற்றொன்று இழுவிசையை அளக்கும் கருவியோடு இணைந்திருக்கும். ரத்தத்தின் உப்புகளை ஒத்த திரவத்தில், 37 டிகிரி வெப்பத்தில் வளையம் தொங்கும். அடியிலிருந்து 95 சதவீதம் ஆக்ஸிஜனும் 5 சதவீதம் கரியமில வாயுவும் கலந்த காற்று குமிழ்குமிழாக வந்துகொண்டிருக்கும்.

உடம்பை விட்டு வந்து சில மணி நேரம் ஆன பிறகும் அந்த வளையம் உயிரோடு இருக்கும். நார்அட்ரினலின் சில துளி விட்டால் சுருங்கும். திரையில் கோடு மேலேறும். அசிட்டைல்கோலின் விட்டால், உள்தோல் நலமாக இருக்கும் வளையம் தளரும், கோடு இறங்கும். பிறகு பரிசோதிக்க வேண்டிய மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போய்க் கோட்டைக் கவனிப்பார்கள்.

உள்தோலின் முக்கியத்துவம் தெரியவந்ததும் இப்படிப்பட்ட சோதனையில்தான். அமெரிக்காவின் ராபர்ட் ஃபர்ச்காட் 1980இல் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்து ஒன்றைக் காட்டினார். உள்தோல் தேய்ந்து போயிருந்தால், தளர்த்த வேண்டிய அசிட்டைல்கோலினால் தளர்த்த முடியவில்லை. தளர்த்துவது உள்தோலிலிருந்து வரும் ஏதோ ஒன்று என்பது அதிலிருந்து விளங்கியது. அதுதான் நைட்ரிக் ஆக்ஸைடு என்று பின்னால் தெரிந்தது. இந்தப் பணிக்காக அவரும் லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகியோரும் 1998இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள்.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. நுரையீரல் அழுத்தம் நாள்பட்டுக் கூடியிருப்பவர்களுக்கும், பல ஆண்டுகள் புகைத்தவர்களுக்கும் இந்த உள்தோல் பழுதுபட்டிருக்கும். தளர்த்தும் கை பலவீனம். சுருக்கும் கை மட்டும் அப்படியே இருக்கும். அதனால் நலமான ஒருவருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத அளவு, இவர்களுக்குத் தமனியைச் சற்று அதிகமாகவே சுருக்க இடமுண்டு. மயக்க டாக்டர் ஜாக்கிரதையாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அதே சமயம் கண்ணாடிக் குவளையில் தொங்கும் வளையம் முழு மனிதர் அல்ல. அதற்கு நரம்புத் தொடர்பு இல்லை, மூளை இல்லை, அதன் வழியே ரத்தம் ஓடுவதும் இல்லை. சோதனையில் விடும் மருந்தின் அளவு, சிகிச்சையில் ரத்தத்தில் சேரும் அளவைவிட அதிகமாகவும் இருக்கலாம். வளையம் சுருங்கிவிட்டது என்பதற்காகவே மருந்து ஆபத்து என்று முடிவுகட்டக் கூடாது. வளையம் காட்டுவது, மருந்துக்கு அந்தக் குணம் உண்டு என்பதைத்தான்.

சரி, முழு மனிதரிடம் என்ன நடக்கிறது? நலமான இளைஞர்களுக்கு டெக்ஸின் அளவைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்த ஓர் ஆய்வு 2000இல் வெளியானது. குறைந்த அளவுகளில் ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் இறங்கின. அளவு மிக உயர்ந்தபோது ரத்த அழுத்தத்தின் நிலை தலைகீழானது. உடம்பின் குழாய்களும் சுருங்கின, நுரையீரலின் குழாய்களும் சுருங்கின. நுரையீரல் தமனி அழுத்தம் ஏறியது. குறைந்த அளவில் தளர்த்தி, கூடிய அளவில் சுருக்கும் குணம் அங்கே நேராகவே தெரிந்தது.

2013இல் வெளியான இன்னோர் ஆய்வு, இதயத்துக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் பரிசோதனைக்கு வந்த குழந்தைகளைப் பற்றியது. சிலருக்கு நுரையீரல் அழுத்தம் அதிகம், சிலருக்கு இல்லை. மருந்தை 10 நிமிடத்தில் மெதுவாக ஏற்றியபோது துடிப்பு குறைந்தது, உடம்பின் குழாய்கள் சற்றுச் சுருங்கின. நுரையீரல் குழாய்களின் தடை மட்டும் குறிப்பிடும்படி கூடவில்லை, அழுத்தம் ஏற்கெனவே அதிகமாக இருந்த குழந்தைகளுக்கும்கூட. பெற்றோருக்கு இது ஆறுதல் தரும் செய்தி. மருந்து பொல்லாதது அல்ல. அதிக அளவை அவசரமாக ஏற்றுவதுதான் பொல்லாதது.

அந்த ‘மெதுவாக’ என்பது எவ்வளவு மெதுவாக? 60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். வழக்கமான தொடக்க அளவு ஒரு கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் (ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). ஆக 60 மைக்ரோகிராம். இதை ஒரே அழுத்தில் ஏற்றக் கூடாது; 10 நிமிடத்துக்குக் குறையாமல் பரப்ப வேண்டும். அதன்பின் கிலோவுக்கு மணிக்கு 0.2 முதல் 0.7 மைக்ரோகிராம் வரை தொடரும். மருந்து இரண்டு மில்லி குப்பியில் 200 மைக்ரோகிராமாக வரும். அதை 50 மில்லியாகக் கரைத்தால் ஒரு மில்லியில் 4 மைக்ரோகிராம். அதாவது முதலில் 15 மில்லி 10 நிமிடத்தில். பிறகு மணிக்கு வெறும் 3 மில்லி முதல் பத்தரை மில்லி வரை. இவ்வளவு நிதானமாகக் கையால் ஏற்ற முடியாது என்பதால்தான் கட்டில் பக்கத்தில் சிரிஞ்ச் பம்ப் நிற்கும். நுரையீரல் அழுத்தம் அதிகம் உள்ளவர்களுக்குப் பல டாக்டர்கள் அந்தத் தொடக்க அளவைக் குறைத்துவிடுவார்கள், அல்லது விட்டுவிட்டு நேரே மெதுவான அளவிலேயே தொடங்குவார்கள்.

‘இன்னும் தூக்கம் வரவில்லையே, கொஞ்சம் கூட்டிப் போடுங்களேன்’ என்று நோயாளியின் வீட்டார் கேட்பதுண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தத் தாமதம் வேண்டுமென்றே வைத்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மயக்க மருந்து கொடுக்காமல் இருப்பதுதான் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தையின் இதய ஓட்டையை அடைத்த அறுவைக்குப் பிறகு ஐ.சி.யூ.வில், தொண்டைக் குழாயில் சளியை உறிஞ்சும் அந்தச் சில நொடிகளில் குழந்தை மிரண்டு முக்கினால் போதும், நுரையீரல் தமனிகள் ஒரேயடியாக இறுகி அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடலாம். அதைத் தடுக்கவே அங்கே செடேஷன் கொடுக்கிறார்கள். வலியும் பயமும் தமனியைச் சுருக்கும் என்று மேலே சொன்னேன். அவற்றை அடக்கும் மருந்து அந்த வகையில் தமனியைக் காக்கவும் செய்கிறது.

மற்ற மருந்துகள் எப்படி? பால் போல வெள்ளையாக இருக்கும் புரோபோஃபால் உடம்பின் ரத்த அழுத்தத்தை நன்றாகவே இறக்கும், மூச்சையும் அடக்கும். வலப்பக்க இதயத் தசைக்கு வேண்டிய ரத்தமும் உடம்பின் பெருந்தமனியிலிருந்தே வருகிறது. ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் தசைக்கு, அழுத்தம் இறங்கினால் தீனியும் குறையும். மிடாசோலம் தமனியை நேராக அதிகம் தொடாது. ஆனால் வலி மருந்தான ஃபென்டனிலோடு சேரும்போது மூச்சை ஆழமாக அடக்கிவிடும். கெட்டமின் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் காத்துக்கொள்ளும். நுரையீரல் தமனியில் அதன் விளைவு பற்றி டாக்டர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. செவோஃப்ளூரேன் போன்ற, மூச்சில் கொடுக்கும் மயக்க வாயுக்கள், மேலே சொன்ன வழி திருப்பும் பாதுகாப்பையே அளவுக்கேற்ப மழுங்கடிக்கும்.

ஆகவே ‘எந்த மருந்து நல்லது?’ என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: மருந்து தமனியை நேராகச் சுருக்குவதைவிட, மருந்தால் மூச்சு மந்தமாகி, அதனால் தமனி சுருங்குவதுதான் பெரும்பாலும் பெரிய ஆபத்து. மருந்தின் பெயரைவிட, மூச்சைக் கவனிக்க ஆள் இருக்கிறாரா என்பதே முக்கியம். ஐ.சி.யூ.வில் அப்படி ஆள் இருப்பார். சின்ன சிகிச்சைக்கான அறையில், ‘லேசான தூக்க ஊசிதான்’ என்று சொல்லிப் போடும் இடத்தில்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதெல்லாம் யாருக்குப் பொருந்தும்? இதயமும் நுரையீரலும் நலமாக உள்ளவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டியதில்லை. அவர்களுடைய தமனி சற்றுச் சுருங்கினாலும் வலப்பக்க இதயம் தாங்கிக்கொள்ளும். கவனிக்க வேண்டியவர்கள்: சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள், அடைக்கப்படாத இதய ஓட்டை உள்ளவர்கள், பல ஆண்டுகள் புகைத்தோ விறகடுப்புப் புகையிலேயே சமைத்தோ நுரையீரல் கெட்டவர்கள், நுரையீரலில் ரத்தக் கட்டி வந்தவர்கள், ஸ்கிளீரோடெர்மா போன்ற நோய் உள்ளவர்கள், பலத்த குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்கள்.

குறட்டையைச் சாதாரணமாக நினைத்து யாரும் சொல்வதில்லை. சொல்லுங்கள். தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்பவருக்கு மருந்துத் தூக்கத்திலும் அடைத்துக்கொள்ளும். மூச்சை அதிகம் அடக்காத டெக்ஸிலும் அது நடக்கலாம்.

எக்கோவே எடுத்ததில்லை என்றால்? ஒரு மாடி ஏறுவதற்குள் இரைக்கிறதா, வேகமாக நடந்தால் தலைசுற்றி விழப்போவதுபோல் இருக்கிறதா, மாலையில் கணுக்கால் வீங்குகிறதா? இவற்றை வயசு என்று தள்ளிவிடாமல், தள்ளிப்போடக்கூடிய அறுவையாக இருந்தால் முதலில் எக்கோ எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்? சிகிச்சை செய்யும் டாக்டரிடம் மட்டும் சொன்னால் போதாது. மயக்க மருந்து கொடுப்பவர் பெரும்பாலும் வேறொருவராக இருப்பார். அவர் உங்களைப் பார்க்க வரும்போது, ‘எனக்கு நுரையீரல் அழுத்தம் அதிகம்’ என்ற ஒரு வரியை முதலில் சொல்லிவிட்டு, கடைசி எக்கோ ரிப்போர்ட்டைக் கையில் கொடுங்கள். அதில் ‘ஆர்.வி.எஸ்.பி.’ என்று ஓர் எண் இருக்கும். அவர் முதலில் தேடுவது அதைத்தான். முன்பு எப்போதாவது மயக்க மருந்துக்குப் பின் கண்விழிக்கத் தாமதமானதா, ஆக்ஸிஜன் குறைந்ததா என்பதையும் சொல்லுங்கள்.

மாத்திரைகளில் ஒன்றைக்கூட மறைக்காதீர்கள். நுரையீரல் அழுத்தத்துக்குத் தரும் சில்டெனாஃபில் ஆண்மைக் குறைவுக்கும் தரப்படும் மருந்து என்பதால், கூச்சப்பட்டு அதைச் சொல்லாமல் விடுபவர்கள் உண்டு. நுரையீரல் தமனிகளுக்காக 2005இலிருந்தே அனுமதி பெற்ற மருந்து அது, கூச்சப்பட ஒன்றுமில்லை. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மருந்தோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும். அதனால் டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால், டிஜாக்ஸின் போன்றவை சாப்பிடுகிறீர்களா என்பதும் முக்கியம். டெக்ஸும் துடிப்பைக் குறைப்பதால், இரண்டும் சேர்ந்து மிகவும் மந்தமாகிவிடலாம்.

‘வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள், மாத்திரையை நிறுத்திவிடலாமா?’ நீங்களாக நிறுத்தாதீர்கள். நுரையீரல் அழுத்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் தமனிகள் மறுபடி இறுகும். பொதுவாக அன்று காலையும் ஒரு மடக்குத் தண்ணீரோடு போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். ரத்தக் கட்டியைத் தடுக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை இரண்டுக்கும் தனி விதி உண்டு. எதை எப்போது என்று தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உணவைப் பொறுத்தவரை, இட்லி போன்ற லேசான உணவுக்குப் பின் 6 மணி நேரம், எண்ணெயில் பொரித்தது, இறைச்சி என்றால் 8 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

நீங்கள் அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் சில உண்டு. ஊசி போடுவது யார்? சிகிச்சை செய்பவரே மயக்கத்தையும் கவனிப்பாரா, அதற்கென்று தனி டாக்டர் இருப்பாரா? நுரையீரல் அழுத்தம் அதிகம் என்றால் தனி ஆள் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. ஒருவர் குழாயைப் பார்த்துக்கொண்டே மூச்சையும் பார்க்க முடியாது.

விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கிளிப் போதாதா? போதாது. மூக்கில் ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது, மூச்சு பாதியாகக் குறைந்தாலும் கிளிப்பில் 98, 99 என்றே சில நிமிடங்கள் காட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் கரியமில வாயு தேங்கி, தமனி இறுகத் தொடங்கியிருக்கும். வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவை அளக்கும் கருவி இதை முன்கூட்டியே காட்டிக் கொடுத்துவிடும். ‘கேப்னோகிராஃபி இருக்கிறதா, டாக்டர்?’ என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

குளிர் பற்றியும் ஒரு வார்த்தை. எம்.ஆர்.ஐ. அறையும் தியேட்டரும் நடுங்க வைக்கும். முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்குக் குளிர் நேராகவே நுரையீரல் தமனியைப் பாதிக்கும். போர்வை கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் செய்யக்கூடாத ஒன்று: ‘ராத்திரி தூக்கம் வரவில்லை’ என்று பக்கத்து வீட்டாரின் அல்பிரஸோலம் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வது. நுரையீரல் அழுத்தமோ பழைய சளி நோயோ உள்ளவருக்கு, இரவில் மூச்சைக் கவனிக்க யாரும் இல்லாத வீட்டில், அது மருத்துவமனை ஊசியைவிட ஆபத்தானது. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் இதே எச்சரிக்கைதான். மதுவும் சேர்ந்தால் இன்னும் மோசம். படுத்தால் தூக்கம் வராமல் எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது என்றால், அது இதயம் திணறுவதன் அறிகுறியாகவே இருக்கலாம். அதற்குத் தூக்க மாத்திரை மருந்து அல்ல.

சிகிச்சை முடிந்து அன்றே வீட்டுக்கு அனுப்பினால், ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டாதீர்கள், முக்கியமான தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், தனியாக இருக்காதீர்கள். முதல் இரவு தலையணையைச் சற்று உயர்த்தி வைத்துப் படுங்கள். வீட்டில் ஒருவர் இடையிடையே எழுந்து பார்க்கட்டும். உதடு நீலம்பாரித்தாலோ, கூப்பிட்டு உலுக்கியும் கண் திறக்காவிட்டாலோ, மூச்சிரைப்பு முன்பைவிடக் கூடினாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டி விழுந்தாலோ காலை வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸில் ஏறியதும், நோயாளிக்கு நுரையீரல் அழுத்தம் அதிகம் என்பதையும், எத்தனை மணிக்கு என்ன மயக்க மருந்து கொடுத்தார்கள் என்பதையும் சொல்லுங்கள்.